கருவி கத்தினா

ஏழு வருசமா விடிய, வெறும் வயித்தில
தைரொக்சின். பிறகுதான் தேத்தண்ணி,
பிறகுதான் அம்பகாமம் காடு.

கொழும்பிலயிருந்து வந்த தாள் சொல்லுது:
கழுத்தோட நிக்கேல்லையாம்.
கபச்சுரப்பிக்கும் பிறபொருளெதிரி
என்ர ரத்தத்துக்குள்ள.

“இருக்கு. ஆனா சேதம் எண்டு சொல்லேலாது.”
மாங்குளம் கிளினிக்கில டொக்டர் இழுத்தார்.
“கோட்டிசோல் சரி. ஆறு மாதத்தால பாப்பம்.”

எனக்கது புதுசில்லை.
கருவி கத்தினா மிதிவெடி எண்டில்லை,
மீன்ரின் மூடியாயும் இருக்கும்
கதியால்ல அடிச்ச ஆணியாயும்.
கத்தின இடத்தில சிவப்புத் தடி நட்டு
முழங்காலில இருந்து
பக்கவாட்டில கிண்டவேணும்.
ஒரு சாணுக்கு ஒரு மணித்தியாலமும் போகும்.

இது புருவத்துக்குப் பின்னால, கடலையளவு நிலம்.
ஆர் போய்த் தடி நடுறது?

“என்னவாம்?” எண்டாள் நிரஞ்சலா.
“சத்தம் கேக்குதாம்.”
முகத்திரையை இறக்கிப்போட்டு
என்ர ஒழுங்கைக்குப் போனன்.