இதர

பெயரை மாற்றிவிட்டேன்; எய்லர்ட் என்று வைத்துக்கொள்வோம்.
ஊரை மாற்ற வழியில்லை.
இரும்புத்தாது ரயில் மலையிறங்கி வந்து
கடலைத் தொடுவது இந்தப் பக்கம்
நார்விக்கில் மட்டும்தான்.

நவம்பர் கடைசி. மதியம் இரண்டு மணிக்கே இருட்டு.
பூட்ஸைக் கழற்றி வாசலில் விட்டு
கம்பளிக் காலுறையோடு வந்து உட்கார்ந்தார்.
இடது பெருவிரலில் ஓட்டை.
வலது பாதத்தை அதன்மேல் வைத்துக்கொண்டார்.
முதல் வாரம் நடந்தது அவ்வளவுதான்.

விருந்துகளில் யாராவது கேட்பார்கள், என்ன வேலை என்று.
நாற்காலியில் உட்காரும் வேலை என்பேன்.
பொய்யில்லை.
நாக்கு நுனிவரை வந்துவிட்ட ஆறுதலை
மறுபடி விழுங்கிவிட்டு
அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும்.
பழக எனக்குப் பதினோரு வருஷம் ஆயிற்று.

இரண்டாம் வாரம் கணக்குச் சொன்னார்.
அறுபத்தெட்டு வேகன்.
பிரேக் பிடித்த பிறகும்
ஒரு கிலோமீட்டருக்கு மேல்
தன்பாட்டுக்கு ஓடும் எடை.
விளக்கு வெளிச்சத்தில் பனிக்கலைமான்கள்.
பனி குறைவாக இருக்கிறதென்று தண்டவாளத்தில் வந்து நிற்கும்.
ஹாரன் அடித்தேன், நிமிர்ந்து பார்த்தன,
ஓடின,
தண்டவாளத்தின் மேலேயே.

பதினேழு.

"மனிதர்கள் இல்லை" என்றார், மன்னிப்புக் கேட்பதுபோல.
"உங்களிடம் வர ஒரு படிவம் தந்தார்கள்.
அதில் மானுக்குக் கட்டம் இல்லை.
இதர என்று எழுதினேன்."

மூன்றாம் வாரத்துக்கு என் குறிப்பேட்டில் ஒரே வரி:
ஹீட்டர் சத்தம்.

நான்காம் வாரம், நேரம் முடியப் பத்து நிமிடம் இருக்கையில்,
மான்களின் சொந்தக்காரர் நீலாஸ்
ஸ்னோமொபைலில் வந்ததைச் சொன்னார்.
ஒரு வார்த்தை திட்டவில்லையாம்.
குனிந்து குனிந்து காதுகளை அறுத்துப்
பையில் போட்டுக்கொண்டாராம்.
யாருடைய மான் என்பதற்கான வெட்டு
காதில்தான் இருக்கும்; நஷ்டஈட்டுக்கு அதுதான் சாட்சி.

காது கொடுத்துக் கேட்பது என் பிழைப்பு.
அன்று அந்தச் சொல் கூசியது.

"அவர் வர ஒரு மணிநேரம் ஆனது" என்றார்.
"அதற்குள் டப்பாவைத் திறந்து
ரொட்டியைத் தின்றுவிட்டேன்.
பசித்தது."

மான்களை இரண்டாம் வாரமே சொல்லிவிட்டவருக்கு
ரொட்டியைச் சொல்ல நான்கு வாரம்.

கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ, கேட்டேன்:
ரொட்டிக்குள் என்ன இருந்தது?
"பழுப்புச் சீஸ்" என்று சிரித்தார்.
சிரிப்பு பாதியில் வேறொன்றாகித்
தோளைப் பிடித்து உலுக்கியது.
டிஷ்யூப் பெட்டியை அவர் பக்கம் நகர்த்தவில்லை.
நகர்த்தினால், போதும் துடைத்துக்கொள்
என்றாகிவிடும்.

அடுத்த வாரம் வரவில்லை.
ஐம்பது நிமிடமும் எதிர் நாற்காலியைப் பார்த்திருந்தேன்.
அதற்கும் ரயில்வே பணம் கட்டியது.

ஆறாவது, கடைசி.
கொஞ்சம் தூங்குகிறேன் என்றார். பிறகு, கறாராக:
"பலகையில் ஆலோசனை என்று எழுதியிருக்கிறது.
நீங்கள் ஒன்றுகூடச் சொல்லவில்லையே?"

இது, பாதையில் விழுந்ததை
இரண்டு பேர் சேர்ந்து ஓரமாய் நகர்த்துவது, என்றேன்.
ஆறு முறையில் சிலசமயம் நகரும்.
உளச்சிகிச்சை என்று இன்னொன்று உண்டு,
அங்கே வாரங்களை எண்ணுவதில்லை.
பசியை வெட்கம் என்று முதலில் உங்களுக்குச்
சொல்லித் தந்தது யார் என்று
எதிர்த்திசையில், மெதுவாக, விளக்கில்லாமல் போவது.
வருஷங்கள் ஆகலாம்.
ரயில்வே காசு தராது.
போய்ச் சேருமிடத்துக்கும் நான் பொறுப்பில்லை.

"யோசிக்கிறேன்" என்றார்.
எங்கள் பக்கத்தில் அதற்கு ஆமாம் என்றும் பொருள்,
இல்லை என்றும் பொருள்.

பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே கேட்டார்:
"நீங்கள் யாரிடம் பேசுவீர்கள்?"
போடோவில் ஒருவர், செவ்வாய்க்கிழமை, போனில்.
தலையாட்டினார்,
எதிர்வண்டிக்கும் பிரேக் இருப்பதை
உறுதிசெய்துகொண்டவர் மாதிரி.

என்ன பேசுவீர்கள் என்று கேட்கவில்லை. நல்லவேளை.
அந்தச் செவ்வாய் நான் ரொட்டியைப் பற்றித்தான் பேசினேன்.
அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது
எனக்கும் பசித்ததை.