பதினேழாம் கேள்வி

பியெத்ரா ஓந்தா குடாவில்
இந்த மாதத்துக் கோட்டா
ஒன்பதாம் தேதி காலையிலேயே தீர்ந்துவிட்டது.
படகுகள் மணலில் ஒருக்களித்துக் கிடக்க
அவற்றின் நிழலுக்கு நாய்கள் சண்டை போட்டன.

நான் சந்தியாகோவிலிருந்து வந்தவள்.
பையில் நாற்பது படிவம்,
ஒவ்வொன்றிலும் முப்பத்தொரு கேள்வி.
பங்கீட்டு முறை கரையோரக் குடும்பங்களை
எவ்வாறு பாதிக்கிறது?
'எவ்வாறு' என்பதை நானே அடிக்கோடிட்டிருந்தேன்.

நோல்பெர்த்தோவிடம் உரிமம் இருக்கிறது.
பன்னிரண்டு வருடமாய் அவர் கால் நனையவில்லை.
தன் பங்கு மெர்லூசாவைத்
தெற்குத் துறைமுகத்துப் பெருங்கப்பலுக்கு
ஜனவரியிலேயே எழுதிக் கொடுத்துவிடுகிறார்.
"பிடித்த மீனைவிட
பிடிக்காத மீனுக்குத்தான் நல்ல விலை" என்றார்.
நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அவர் மைத்துனன் எலியேசர்
கடலுக்குப் போகிறவன், காகிதம் இல்லாதவன்.
போன வாரம் எத்தனை கிலோ?
"எந்தக் கணக்கில் வேண்டும்,
வெளிச்சத்தில் எழுதியதா
இருட்டில் இறக்கியதா?"
பேனாவை மூடினேன்.

மீன் குறைந்துவிட்டது, அதுவும் நிஜம்.
ஆய்வுக்கப்பலில் மூன்று குளிர்காலம்
வாந்தியெடுத்தபடி எண்ணியவள் என் அறைத்தோழி.
அவள் பொய் சொல்லமாட்டாள்.
இதையும் அவர்களிடம் சொன்னேன்.
ஒருவரும் மறுக்கவில்லை.
"குறைந்ததை யார் பங்கில் கழித்தார்கள்
என்று அவளைக் கேளுங்கள்" என்று மட்டும்
கதவோரம் ஒரு குரல்.

தகரக் கொட்டகைக்குள்
ஒத்தீலியா இரை கோர்க்கிறாள்.
ஆயிரங்கால் தூண்டில்:
மத்தித் துண்டு, முள், ஒரு பிடி மணல்,
மறுபடி மத்தித் துண்டு.
பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி.
படகு போகாவிட்டால் பெட்டி இல்லை.
கட்டைவிரலில் முள் ஏறிய தழும்புகளை
நான் எண்ணத் தொடங்கியதும்
கையைத் திருப்பிக்கொண்டாள்.

பதினேழாம் கேள்வி: தொழில்.
படகு உரிமையாளர்,
படகில் செல்பவர்,
மீன்பிடித் தொழிலில் இல்லாதவர்.

"நான் எந்தக் கட்டம்?"

இருபத்தாறு வருடமாய்
இவள் விரல் படாத ஒரு முள்ளும்
இந்தக் குடாவிலிருந்து கடலில் இறங்கியதில்லை.
மூன்று கட்டத்தையும்
ஈரக்கையால் தடவிப் பார்த்தாள்,
துணிக்கடையில் விலை கேட்பவள் போல.
பிறகு படிவத்தைத் திருப்பித் தந்துவிட்டு
வேலையைத் தொடர்ந்தாள்.

வெளியே வந்த பிறகுதான் உறைத்தது.
இன்று பதினான்காம் தேதி.
கோட்டா தீர்ந்து ஐந்து நாள்.
அந்தப் பெட்டி யாருக்கு?

திரும்பிப் போய்க் கேட்கவில்லை.
முப்பத்தொரு கேள்வியில் அது இல்லை,
என் நல்லகாலம்.

சந்தியாகோவில் கணினி
அவள் வரியைச் சிவப்பாகக் காட்டுகிறது:
விடை விடுபட்டுள்ளது.
பேராசிரியர் அந்தப் படிவத்தை நீக்கச் சொல்கிறார்,
முப்பத்தொன்பதே போதுமாம்.
வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கிறேன்.
மத்தி எண்ணெய் மூன்று கட்டத்தையும் கடந்து
அடுத்த பக்கத்துக்கும் ஊறி,
மாத வருமானத்தின் மேல் நிற்கிறது.
அறையில் யாரோ
சன்னலைத் திறக்கச் சொல்கிறார்கள்.