பதினைந்து

எக்ஸ்ரே அறையில் எனக்கென்று ஒரு இழுப்பறை.
இடப்பக்கம் ஈயக் கையுறைகள்,
வலப்பக்கம் சாக்லேட் பெட்டிகள்.
எலும்பு கூடியவர்கள் கொண்டுவருவது.
கூடாதவர்களும் கொண்டுவருகிறார்கள்,
அதுதான் எனக்குப் புரிவதில்லை.

பெல்ட்ஸி நகரில் யாரும்
வெறுங்கையோடு கதவைத் தட்டுவதில்லை.
பணம் நீட்டினால் லஞ்சம்.
பூ என்றால் வியாழக்கிழமைக்குள் தலை தொங்கிவிடும்.
கோழி கொண்டுவந்தார் ஒருவர்,
வராந்தா முழுக்க அதன் வாக்குமூலம்.
சாக்லேட் மட்டும்
எதுவும் கேட்காத முகத்தோடு மேசையில் உட்காரும்.
"எதற்கு இதெல்லாம்" என்று நான் சொல்ல வேண்டும்.
"சும்மா, டீயோடு" என்று அவர்கள் சொல்ல வேண்டும்.
பிறகு இழுப்பறை.

திறக்க மாட்டோம்.
திறந்த பெட்டியை அப்புறம் யாருக்குத் தருவது?

போன மார்ச்சில் ஒரு நீலப் பெட்டி வந்தது.
கடலில்லாத எங்கள் நாட்டுக்கு
மூடியில் ஒரு பாய்மரக் கப்பல்.
மணிக்கட்டு முறிந்த லாரி ஓட்டுநர் தந்தது.
சமையலறைக் குழாயைச் சரிசெய்த கெனாடிக்கு
அதை நான் தந்தேன்.
தரும்போது என் சிகரெட் பட்டு
மூலையில் செல்லோபேன் உருகி ஒட்டியது,
பாசிப்பயறு அளவு தழும்பு.

இந்தப் பிப்ரவரியில்
தழும்பு திரும்பி வந்தது.

கொண்டுவந்தவள் வாசிலிசா,
நோட்டரி அலுவலகத்தில் முத்திரை குத்துபவள்.
இடுப்புப் படம் சீக்கிரம் வேண்டுமாம்.
"எதற்கு இதெல்லாம்" என்றேன்.
என் குரல் எனக்கே கேட்டது.

அவள் போனபின் விரல்விட்டு எண்ணினேன்:
கெனாடி வீட்டிலிருந்து மகளின் கணக்கு டீச்சருக்குப் போயிருக்கும்.
டீச்சருக்குக் கடைவாய்ப்பல் வலி.
பல் டாக்டரின் மைத்துனன் மூன்று முறை
ஓட்டுநர் தேர்வில் தோற்றவன், நான்காம் முறை ஜெயித்தான்.
அங்கிருந்து நோட்டரி.
நடுவில் விட்டுப்போனவர்கள் எத்தனை பேரோ.
நோட்டில் எழுதாத மொய்,
வட்டியில்லாமல் ஊரைச் சுற்றி
ஒரு வருடத்தில் வீடு திரும்பிவிட்டது.

அன்று இரவுப் பணி.
அழுக்குத் துணி எடுக்க வந்தாள் பரஸ்கீவா.
என் கோட்டுப் பொத்தானை
கேட்காமலேயே தைத்துத் தந்தவள்.
பெட்டியை நீட்டினேன்.

வாங்கினாள்.
அங்கேயே, என் கண்ணெதிரே,
பல்லால் கடித்து உறையைக் கிழித்தாள்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

உள்ளே சாக்லேட்டுகள் நரைத்திருந்தன.
ஒரு வருடம் இருட்டில் இருந்தால்
யாருக்குத்தான் நரைக்காது.
நான்கு வரிசை, பதினாறு குழி.
இரண்டாம் வரிசையில் ஒன்று காலி.

இருவரும் குனிந்து பார்த்தோம்.
பழுப்புக் காகிதக் கிண்ணம் மட்டும்,
விளிம்பு கலையாமல் மடித்து
திரும்ப அதே இடத்தில்.
பெட்டியைக் கவிழ்த்தால் அடிப்பக்கம்
கண்ணுக்குத் தெரியாத டேப் ஒன்று,
கைதேர்ந்த ஒருவர் ஒட்டியது.

யார்?
விடைத்தாள் கட்டை ஒதுக்கிவிட்டு,
இரவு பதினொன்றுக்கு, அந்த டீச்சரா?
நோயாளிகளுக்கெல்லாம் இனிப்பைத் தடைசெய்யும்
பல் டாக்டரா? (அவராக இருக்கட்டும் என்று ஆசை.)
நகத்தால் மெல்ல நெம்பி,
மூச்சைப் பிடித்து,
ஒன்றே ஒன்று.
பிறகு நல்ல சட்டை போட்டுக்கொண்டு
மற்றதைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்,
"சும்மா, டீயோடு."

ஊரில் எல்லோரும் இதைக் கொடுத்திருக்கிறோம்.
வாங்கிக்கொண்டது அவர் ஒருவர்தான்.

நான் ஒன்றைக் கடித்தேன்.
முதலில் மெழுகு, பிறகு கொஞ்சம் மண்,
பிறகு நடுவில் பிராந்தியில் ஊறிய பிளம்,
யாரோ காதுக்குள் பெயர் சொன்னதுபோல.

"மீதியை மூடி வைக்கலாம்" என்றேன்,
"லிஃப்ட்காரருக்கு ஆகும்."
பழக்கம்.

பரஸ்கீவா சிரிக்கவில்லை.
சலவைத்தூள் மணக்கும் விரலால்
இன்னொன்றை எடுத்து
என் வாய்க்கு நேரே நீட்டினாள்.