ஈரக் கழிவு

டானிங்டன் வளைவில் கோழிக்கடைக்கு மேல் மாடி.
மூன்று மணிக்கே விளக்குப் போட்டாயிற்று.
மடிக்கணினியின் சூட்டை முழங்காலுக்கு ஒத்தடமாக வைத்துக்கொண்டு
கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி அடிக்கிறேன்:
எங்கிருந்து, எங்கே.
இந்தக் கருவிக்கு வேறெதுவும் தெரிய வேண்டாம்.

மூன்றே கேள்விகள் கேட்கும்.
திட்டத்தின் பெயர்?
கெங்கரை இலைக் கணக்கு.
எழுதுபவர்?
நிரோஷா.
பழைய வரலாறும் வேண்டுமா?
சும்மா எண்டர் தட்டினால் வேண்டாம் என்று பொருள்.
தட்டினேன்.

நான்கு நொடி.
நூற்றுப் பதினேழு கோப்புகள்
குளித்துத் தலைவாரி வந்து நின்றன.
யார், எந்த ராத்திரி, எதற்காக மாற்றினார் என்ற
ஆயிரத்துச் சொச்சம் குறிப்புகள் வரவில்லை.
தேயிலை நாற்றை
மண்ணும் பையுமாகத்தான் தூக்கி வருவோம்.
இது வேரை உதறிக் கழுவிக் கொடுக்கிறது.
எடை குறைவு. எனக்கும் அவசரம்.

சோதனைக்கு எங்கள் வீட்டு இலையையே போட்டேன்.
நேற்று அம்மா பறித்தது, நாற்பது கிலோ.
விடை வந்தது:
முப்பத்தாறு புள்ளி எட்டு.

நேற்று நல்ல வெயில்.
கம்பளியைக்கூட வெளியே காயப்போட்டிருந்தோம்.

மறுபடி போட்டேன். அதே விடை.
தேடிப்போனால் எழுபத்தோராம் வரியில்
ஈரக்கழிவு சமம் எட்டு.
பக்கத்தில் ஒரு சொல் இல்லை.
கல்வெட்டு மாதிரி உட்கார்ந்திருந்தது எட்டு.

போஜனைக் கூப்பிட்டேன்.
மூலத்தை எழுதியவன். இப்போது சரவணம்பட்டியில்,
ஏதோ சிக்னலில், ஹாரன் சத்தத்துக்கு நடுவில்.
"ஓ, அதுவா? அந்த நவம்பர்!
பதினோரு நாள் விடாத மழை.
சாக்கைத் தூக்கினா தண்ணி கொட்டுச்சு.
ஒரு வாரத்துக்கு மட்டும் போடச் சொன்னாங்க.
மழை விட்டதும் எடுத்துடணும்னு
எழுதி வெச்சிருக்கேனே, பாக்கலையா?"
எங்கே எழுதினே?
"மாற்றக் குறிப்புல."

சிக்னல் விழுந்துவிட்டது. அவன் போய்விட்டான்.

இந்த மூலத்திலிருந்து இதுவரை
பிள்ளையெடுத்தவை ஒன்பது ஆலை.
ஒன்பது எடைக் கொட்டகையில்
தை மாத வெயிலிலும்
அந்த நவம்பர் பெய்துகொண்டிருக்கிறது.
நூற்றுக்கு எட்டு.
கங்காணியைக் குறை சொல்ல முடியாது,
தராசையும் முடியாது.
நானும் இப்போதுதான் எண்டர் தட்டினேன்.

மூலத்தைத் திருத்தினேன்.
நான்காவதாக ஒரு கேள்வி சேர்த்தேன்:
ஈரத்துக்குக் கழிக்கிறீர்களா, எந்தத் தேதி வரைக்கும்?
சும்மா எண்டர் தட்டினால்
கழிவு இல்லை.

இனி எடுப்பவர்களுக்கு அது சரி.
ஊற்றைத் தூர்வாரலாம்,
மொண்டுபோன குடங்களுக்கு என்ன செய்ய?
ஒவ்வொன்றாகத்தான் போய்த் தட்ட வேண்டும்.

ஒன்பது எண்களைத் தாளில் எழுதிக்கொண்டேன்.
முதல் எண்ணில் ஒரு கணக்குப்பிள்ளை எடுத்தார்.
பொறுமையாகத்தான் கேட்டார், முழுசும்.
பிறகு சொன்னார்:
"எட்டு எப்பவும் உள்ளதுதானேம்மா.
எங்களுக்கு முன்னாடி இருந்தே இருக்கு."