நான்காவது தட்டு

கயிறு என்னுடையது.
எண்ணெய்ப்பனை ஏறிக் கள் இறக்குகிறவனிடம்
வேறென்ன இருக்கும்?
நானே நாரெடுத்து முறுக்கியது.
என்னையும் மரத்தையும் ஒன்றாய்ச் சுற்றிக் கட்டினால்
உச்சியில், வெறுங்காற்றில், முதுகு சாய்த்து இருக்கலாம்.

அதைத்தான் கேட்டாள் ஃபிண்டா.

மழை பாலத்தை அடித்துப்போன வாரம் அது.
ஐந்து பேர் கிடந்தார்கள் பள்ளிக்கூடத்தில்,
பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்ட கட்டில்களில்.
கோய்டுவிலிருந்து ஆம்புலன்ஸ் வருகிறது, வருகிறது என்றது போன்.
பிறகு போனும் செத்தது.
தாயைத் துடைத்த மகள் போனாள்.
மகளைக் குளிப்பாட்டிய அத்தை போனாள்.
இமாம் கதவைச் சாத்திக்கொண்டார். பாஸ்டரும்.
நானும்தான்.

சந்தையில் மண்ணெண்ணெய் விற்பவள் ஃபிண்டா.
அளவில் ஒரு விரற்கடை குறைப்பாள், ஊருக்கே தெரியும்.
வெள்ளிக்கிழமை தொழுவாள், ஞாயிறு பாடப் போவாள்.
கேட்டால், "எந்தக் கதவு திறந்திருக்கோ அது" என்பாள்.

அரை மூட்டை அரிசி, ஒரு கேன் குளோரின்,
கைகளுக்குப் பிளாஸ்டிக் பை, மணிக்கட்டில் ரப்பர் வளையம்.
வாசலில் நின்று சொன்னாள்:
"நான் போனதும் வெளியே கட்டு, கொம்பா.
திற என்று ஒருநாள் நானே கேட்பேன்.
அப்போ திறக்காதே."

கட்டினேன். மரத்துக்குக் கட்டும் அதே முடிச்சு.

விடியலில் சட்டியைக் கரண்டியால் தட்டுவாள்.
உள்ளே எத்தனை உயிரோ அத்தனை தட்டு.
ஐந்து. ஐந்து. நான்கு.
அடுப்பு பற்றவைக்காமல் நின்று எண்ணினோம்.
மூன்று.
மறுநாளும் மூன்று. அதற்கு மறுநாளும்.
யாரோ சிரித்தார்கள். யாரோ கோழி அடித்தார்கள்.

பிறகொரு விடியலில், நான்கு.

எப்படிக் கூடும்?
வீடு வீடாக ஆளெண்ணினோம்.
ஒருவரும் குறையவில்லை.
வெயில் ஏறிய பிறகுதான் உறைத்தது.
எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.
அவள் அதுவரை தன்னை எண்ணியதே இல்லை.

அன்றிரவு கேட்டாள்.
"கொம்பா, திற."
காய்ச்சல் குரல் இல்லை,
மண்ணெண்ணெய் விலை சொல்லும் அதே குரல்.
"அம்மா முகத்தை ஒருதரம் பார்க்கணும். எட்ட நின்னே பார்க்கிறேன்."
இலவமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன்.
முடிச்சு பத்தடி தூரம். ஓர் இழுப்பு போதும்.
சட்டை நுனியை வாயில் திணித்துக்கொண்டேன்,
சரி என்று சொல்லிவிடுவேனோ என்று.
கெஞ்சினாள். என் பிறப்பைத் திட்டினாள்.
கதவைப் பிறாண்டினாள்.
அப்புறம் வெகுநேரம் தவளைகள் மட்டும்.

விடியுமுன் மெல்ல:
"இருக்கியா?"
"இருக்கேன்."
"கட்டியிருக்கா?"
"கட்டியிருக்கு."
"நல்லது."

அன்றைக்கு மூன்று தட்டு.
தட்டியது சின்னக் கை. சத்தத்திலேயே தெரிந்தது.

நாலு நாள் கழித்து வெள்ளை உடுப்புக்காரர்கள் ஆற்றைத் தாண்டி வந்து
கயிற்றைக் கத்தரித்தார்கள்,
அவளுடைய பாயோடு சேர்த்து எரித்தார்கள்.
ஃபாயாக் கிழவர், ஒரு பிள்ளைத்தாய்ச்சி,
கரண்டியைக் கையை விட்டு இறக்காத சியா,
மூவரும் நடந்தே வெளியே வந்தார்கள்.
ஊரில் அதற்குப்பின் யாரும் படுக்கவில்லை.

ஷஹீத் என்றார் இமாம். புனிதை என்றார் பாஸ்டர்.
ஆளுக்கொரு கணக்கில் எழுதிக்கொண்டார்கள்.
என்னைக் கேட்டால்,
மேலே இருப்பவனை அவள் எவ்வளவு நம்பினாளோ, தெரியாது.
என்னை நம்பினாள்.
இமாம் நிழல்கூட மிதிக்காத கள்ளுக்காரனை,
தன் அழுகைக்கு இவன் இளகமாட்டான் என்று.
இளகியிருப்பேன், ஃபிண்டா.
இன்னும் ஒருதரம் கூப்பிட்டிருந்தால்.

புதுக் கயிறு முறுக்கிவிட்டேன். ஏறுகிறேன்.
உச்சியிலிருந்து பள்ளிக்கூடத் தகரம் தெரியும்,
வாய்ப்பாடு சொல்வது கேட்கும்,
மூன்றாம் வாய்ப்பாட்டில் சியாவின் குரல் எல்லாரையும் முந்தும்.
சாய்வதற்கு முன் முடிச்சைத் தொட்டு
இப்போதெல்லாம் ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன்:
கட்டியிருக்கா?