மீதமான திருகாணி

"ஓடும்" என்றுதான் சொன்னார் அதெமார்.
எதற்காக ஓடும் என்று சொல்லவில்லை.
மொந்தேவிதேயோவின் ஞாயிற்றுச் சந்தையில்
பறவைக் கூண்டுக்கும் ஒற்றைச் செருப்புக் குவியலுக்கும் நடுவே
இருநூறு பெசோ விலையில் கிடந்தது,
மூடிப்போன ஏதோ மருந்துக்கடையின்
ரசீது அச்சிடும் பெட்டி.
செங்கல் அளவு. செங்கல்லைவிடக் கனம்.
பேரம் பேசி நூற்றெண்பதுக்கு முடித்து
மிச்ச இருபதுக்கு வறுகடலை வாங்கித் தின்றபடி
பேருந்தில் பக்கத்து இருக்கையை அதற்குத் தந்து
ஊர் வந்து சேர்ந்ததுபோல் வீடு வந்தேன்.

பகலெல்லாம் ஒரு பல் வைத்தியரின்
வரவேற்பு மேசையில் இருக்கிறேன்.
"வாயைக் கொப்பளியுங்கள்" என்பது உள்ளிருந்து வரும் குரல்.
"அடுத்த செவ்வாய் வர முடியுமா" என்பது என்னுடையது.
இரவு ஒன்பதரைக்கு மேல்
சமையல் மேசையைத் துடைத்து
விளக்கைத் தாழ இழுத்துக்கொண்டால்
நான்தான் வைத்தியர்.
நோயாளி வாயைத் திறந்தே ஆகவேண்டும்.

ஆறு திருகாணிகள்.
கழற்றிய வரிசை மாறாமல்
முட்டை அட்டையின் ஆறு குழிகளில் படுக்கவைத்தேன்.
உள்ளே பல வருடத்துத் தூசி,
முழுசாக ஓர் ஆஸ்பிரின் மாத்திரை.
பற்சக்கரம் ஒன்றில் பல் உடைந்திருந்தது.
தனியாக இருந்தும் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.
பசை, நகப்பூச்சு, ஊதி ஊதி உலர்த்தல்.

கணினியில் இருக்கும் மென்பொருளோ
திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள்.
ஒன்றின் வாலை இன்னொன்றின் வாயில் மாட்டினால்
சத்தம் எண்ணாகும், எண் கோடாகும்
என்று சொல்கிறார்கள்.
மூன்று ராத்திரி ஒன்றும் ஆகவில்லை.
நான்காவது ராத்திரி ஒரேயொரு கமாவை எடுத்துவிட்டு
வேறெதையும் தொடப் பயந்து
பொத்தானை அமுக்கினேன்.
பெட்டி தொண்டையைக் கனைத்தது.

மைக்கை ஜன்னலில் வைத்தேன்.
தெரு தாளில் இறங்கத் தொடங்கியது.
கடைசிப் பேருந்து கரிய மலை,
உச்சியில் பிரேக்கின் கீறல்.
மூன்றாம் மாடி நாய் நெருக்கமான தையல்.
வால்கிரியா அம்மாளின் தும்மல்கள் ஏழும்
ஏழு ஊசியிலை மரங்கள்,
கடைசி மட்டும் கொஞ்சம் சாய்ந்து.
எல்லாவற்றுக்கும் அடியில்
எங்கள் ஃப்ரிட்ஜ் இழுத்த கோடு,
நூல் பிடித்தாற்போல்.

பெட்டிக்கு ஞாபகமும் இருந்தது.
நாய் குரைத்துக்கொண்டிருக்கும்போதே
தானாக இடையில் நுழைந்து அச்சடித்தது:
நன்றி. விரைவில் குணமடையுங்கள்.
அதை அழிக்க ஒரு மணி நேரம் வழி தேடினேன்.
பிறகு தேடவில்லை.

ரூபென் வந்து நின்றான்,
கையில் மாத்தே குவளை, கக்கத்தில் வெந்நீர்க் குடுவை.
"இதனால் என்ன பயன்?"
சனிக்கிழமை முழுக்க ஆற்றோரச் சுவரில்
தூண்டிலோடு உட்கார்ந்துவிட்டு
வெறுங்கையோடு விசிலடித்து வருகிறவன் இவன்.
அதை நான் சொல்லவில்லை.
"ஏதாவது பேசு" என்றேன்.
யோசித்தான்.
அவன் யோசித்தது ஒரு சாண் வெள்ளைத் தாளாக வந்தது.
"கரண்ட் பில் கட்டியாச்சா?"
தாழ்வான குன்றுகள்,
கேள்வி முடியும் இடத்தில் ஒரு சிறு ஏற்றம்,
அதன் கீழே, கேட்காமலே:
நன்றி. விரைவில் குணமடையுங்கள்.
அவன் சிரித்த சிரிப்பில்
தாள் ஒரு முழம் கறுத்துப்போய்
சுருளே தீர்ந்தது.
அந்தக் கறுப்பைக் கத்தரித்து
தூண்டில் பெட்டிக்குள் வைத்துக்கொண்டான்.
மீனுக்குக் காட்டவாம்.

பெட்டியை மூடினேன்.
ஆறு துளை, ஆறு திருகாணி, எல்லாம் இறுக்கம்.
குலுக்கிப் பார்த்தேன், சத்தமில்லை.
முட்டை அட்டையைத் தூக்கப் போனால்
ஏழாவது குழியில்
இன்னொன்று மினுங்குகிறது.
நான் கழற்றியது ஆறுதான். சத்தியமாக ஆறுதான்.

ஞாயிற்றுக்கிழமை அதெமாரிடம் கொண்டுபோக வேண்டும்.
இந்தத் திருகாணிக்குப் பொருந்துகிற மாதிரி
ஏதாவது இயந்திரம் வைத்திருப்பார்.