மூன்றாம் கேமரா

மனாமா. வெளியே நாற்பத்தாறு டிகிரி.
உள்ளே அமெரிக்காவில் பனி பெய்கிறது
எழுபது வயதான ஒரு காதலுக்காக.

"மூணு, அவள் முகத்திலேயே இரு"
காதுக்குள் கரோலின்.
இருந்தேன்.
உச்சஸ்தாயியில் தொண்டை நரம்பு புடைக்க
ஒரு காகிதத் துணுக்கு அவள் வாய்க்குள் போனது.
பாட்டை நிறுத்தாமல் விழுங்கினாள்.
அரங்கில் யாருக்கும் தெரியவில்லை.
எனக்குத்தான் இருமல் வந்தது,
அடக்கினேன், ஃபிரேம் நடுங்கும்.

ஆட்டம் முடிந்து
பரணிலிருந்து ரொடெல் இறங்கினான்,
பனித்தொட்டிலை ஆட்டிய கையை உதறிக்கொண்டு.
நாளைக்கும் இதே பனிதானாம்.
கூட்டி, சலித்து, திருகாணி பொறுக்கி
மறுபடி மேலே ஏற்ற வேண்டும்.

ஒரு துணுக்கு குறையும் என்றேன்.
சிரித்தான்.
அவன் எண்ணி வைக்கவில்லை. என்னிடம்
நேரம் இருக்கிறது:
ஒன்று, பதினான்கு, முப்பத்திரண்டு.